என் கையெழுத்தில் போன சம்மதம்

அன்று காலை பெரட்டுக் களத்தில் பனி இறங்கி அப்படியே உட்கார்ந்திருந்தது. மூன்றாம் வரிசையில் நின்றவர்களின் முகம் எனக்குத் தெரியவில்லை. அதற்காக நான் கவலைப்படவும் இல்லை. பேரைக் கூப்பிட்டால் எந்த மூலையிலிருந்து எந்தக் குரலில் "இருக்கேன்" வரும் என்பது எனக்கு மனப்பாடம்.

மலைக்குக் கீழே இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வேலைக்குப் போகுமுன் தேயிலைத் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கூப்பிடுகிறவன் கிராணி, அதாவது தோட்ட ஆபீஸ் எழுத்தர். அந்த வேலையை நான் முப்பத்தெட்டு வருஷம் செய்தேன். என் பேர் வாராவாரம் இந்தத் தொடரின் தலைப்புக்குக் கீழே அச்சாகிறது. தோட்டத்தில் அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை. எல்லாருக்கும் நான் கிராணிதான். என் மனைவி என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்பதை இங்கே எழுதினால் எனக்குச் சோறு கிடைக்காது.

அன்று என் பக்கத்தில் புதிதாக ஒருவர் நின்றார். பேர் ஹஃபிஸ். ஒரு மின்சாரக் கம்பெனியின் திட்ட அதிகாரி. கோலாலம்பூரிலிருந்து மெல்லிய சட்டையோடு வந்துவிட்டார், பல் தந்தியடித்தது. எங்கள் துரை அவருக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தார். துரை என்றால் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். மலாக்காவில் பிறந்த சீனர். எங்கள் பக்கம் மேனேஜர் யாராக இருந்தாலும் அவர் துரைதான்.

ஹஃபிஸ் மலாயில் பேசினார். நான் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

"உலகம் நாளுக்கு நாள் சூடாகிக்கிட்டே போகுதாம்."

பனிக்குள்ளிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது.

"இங்கிட்டும் கொஞ்சம் சூடாவட்டும் லா, கிராணியாரே. கை வெறச்சுப்போயி கத்திரியப் புடிக்க முடியல."

களமே சிரித்தது. செல்லம்மா கொழுந்து வெட்டுகிற பெண்களில் மூத்தவள், என் வயதுக்காரி. அவள் வாய் திறந்தால் துரையே சிரிப்பார். ஹஃபிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் நல்ல மனுஷன், அவரும் சேர்ந்து சிரித்தார்.

மேற்கொண்டு அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாடு விடுகிற புகையை இன்ன வருஷத்துக்குள் சுழியமாக்குவோம் என்று மேலே இருப்பவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். நிலக்கரி எரிக்காமல் மின்சாரம் வேண்டும். உங்கள் தோட்டத்து ஆறு சும்மாதானே மலையிலிருந்து விழுகிறது, அதைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கப்போகிறோம். மினி ஹைட்ரோ. புகை கிடையாது, சத்தம் கிடையாது.

ஆற்றில் எந்த இடத்தில் தண்ணீரைத் திருப்புவார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு பாராட்டில் விழுந்தேன்

பேச்சு முடிந்ததும் ஹஃபிஸ் பையிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்தார். வந்தவர்கள் பேரும் அடையாள அட்டை எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்போது அவர் பார்வை என் பெரட்டுப் புத்தகத்தில் விழுந்தது.

"அங்கிள், இது உங்க கையெழுத்தா? அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்று மலாயில் கேட்டார்.

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கையெழுத்து விஷயத்தில் நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவன். மூன்று துரைமார் மாறியிருக்கிறார்கள், மூவரும் பாராட்டியிருக்கிறார்கள். ஒருவர் என்னைக் கொண்டு தன் மகள் கல்யாணப் பத்திரிகை உறைகள் அத்தனையிலும் விலாசம் எழுதவைத்தார்.

"நானே எழுதித் தர்றேன்" என்று தாள்களை வாங்கிக்கொண்டேன். பேரும் எண்ணும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எழுத எழுத, பெரட்டில் கூப்பிடுகிற அதே ராகத்தில் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன்.

வந்தார்கள். அந்தக் களத்தில் கிராணி பேர் கூப்பிட்டால் முன்னால் வந்து நிற்க வேண்டும். எதற்கு என்று கேட்கிற பழக்கம் அவர்கள் அப்பன் காலத்திலும் இல்லை, தாத்தன் காலத்திலும் இல்லை. நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கத்திரியும் பையுமாக வேலைக்குப் போனார்கள். அறுபது பேருக்கு மேல் இருக்கும். ஒருத்தர் கூட என்ன தாள் இது என்று கேட்கவில்லை.

வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருப்பார்கள். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

மேல்குட்டைத் தண்ணீர்

இங்கே அந்த ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆறு என்பது மரியாதைக்காக. அகலமான ஓடைதான். மேலே காட்டிலிருந்து வந்து ஒரு பாறைக் குட்டையில் தேங்கும். அதை மேல்குட்டை என்போம். அங்கிருந்து எங்கள் ஆட்களே கறுப்புக் குழாய் போட்டு லயத்துக்கு, அதாவது எங்கள் வீட்டு வரிசைகளுக்கு, தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். வீடு கட்டின காலத்திலிருந்து சமையலுக்கும் குளிப்புக்கும் அதுதான். டவுன் குழாய்த் தண்ணீர் எங்கள் லயம் வரைக்கும் ஏறி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முறை வைத்து இரண்டு பேர் மேலே போய்க் குழாய் வாயில் அடைத்த இலையை எடுத்துவிட்டு வருவார்கள். என் முறையும் வரும். கிராணி என்று யாரும் எனக்குச் சலுகை கொடுத்ததில்லை. அந்தத் தண்ணீரில் கை வைத்தால் மணிக்கட்டு வரைக்கும் வலிக்கும். அதில் போட்ட டீயைக் குடித்துவிட்டு டவுனில் குடித்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். தோட்டத்துத் திருவிழாவுக்குக் கரகம் எடுப்பதும் மேல்குட்டையில்தான்.

ஒரு வருஷம் மழையே இல்லாமல் குட்டை இறங்கிவிட்டது. குழாயில் காற்றுதான் வந்தது. பெண்கள் வேலை விட்டு வந்து, வாளியும் கையுமாகப் பள்ளத்துக்கு இறங்கி ஏறினார்கள். செல்லம்மா அந்த ஏற்றத்தில் வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டாள். இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறாள்.

தபாலில் வந்தது

இரண்டு மாதம் கழித்து ஆபீஸுக்கு ஒரு தடித்த உறை வந்தது. தபாலைப் பிரிப்பது கிராணி வேலை. கம்பெனி மாவட்ட ஆபீஸுக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் அது. வரைபடம் இருந்தது. தண்ணீரைத் திருப்பும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். வட்டம் மேல்குட்டையின் மேல் இருந்தது.

கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். தோட்டக் குடியிருப்பாளர்கள் அனைவரும் இத்திட்டத்தை ஆதரிக்கிறார்கள், பட்டியல் இணைப்பில். இணைப்பில் என் கையெழுத்து. அச்சடித்த மாதிரி.

தாளின் தலையில் சின்ன எழுத்தில் 'வருகையும் ஆதரவும்' என்று மலாயில் போட்டிருந்தது. அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. கண்ணாடியில் பனி படிந்திருந்தது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பையில் கைக்குட்டை இருந்தது. துடைத்துப் படித்திருக்கலாம்.

ஹஃபிஸுக்குப் போன் போட்டேன். அவர் பதறவில்லை, ஏமாற்றியவர் மாதிரியும் பேசவில்லை. பாரத்திலேயே எழுதியிருக்கிறதே அங்கிள், நீங்கள் படித்திருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன் என்றார். லயத்துக்குப் பெரிய தொட்டி கட்டித் தருவார்களாம், லோரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவார்களாம். கடைசியில் ஒன்று கேட்டார். எல்லாரும் எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் அப்புறம் எங்கேதான் வைப்பது?

போனை வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, அவர் சொன்ன சூடு பொய்யில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பேசினாலும் வாயில் புகை வரும். இப்போது எங்கள் மலை டவுன் தானா ராத்தாவிலேயே மின்சாரக் காற்றாடி விற்கிறார்கள், மலைக்காரர்களே வாங்குகிறார்கள். உலகத்துக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் எங்கள் லயத்தில் யாரும் நிலக்கரி எரிக்கவில்லை. நாங்கள் எரிப்பது விறகும் சூடமும்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. பேர் கூப்பிடும்போது புத்தகத்தை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. நாலாம் நாள் காலை, கடைசிப் பேரைக் கூப்பிட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

"கொஞ்சம் நில்லுங்க. அன்னிக்கு நீங்க போட்ட கையெழுத்து, மேல்குட்டைத் தண்ணிய எடுத்துக்கங்கன்னு போட்ட கையெழுத்து. நான்தான் கூப்புட்டேன். நான்தான் படிக்காம வுட்டேன்."

டிராக்டர் ஓட்டுகிற மணியம்தான் முதலில் வெடித்தான்.

"படிச்ச மனுஷன் லா நீங்க! எங்களுக்கு என்னா தெரியும்? உங்க மூஞ்சியப் பாத்துத்தான போட்டோம்!"

அவன் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். செல்லம்மா காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். சரி, இவளும் ஒரு பிடி பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நீ கத்துனா தண்ணி வந்துருமா மணியம்? சும்மா இரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "கூப்புட்டீங்க, வந்தோம். மறுபடியும் கூப்புடுங்க. இங்க வேணாம், அந்தப் பெரிய ஆபீசர் முன்னாடி வச்சுக் கூப்புடுங்க. என்னா சொல்லணுமோ அத நாங்களே சொல்லிக்கிறோம்."

அவ்வளவுதான். திட்டவில்லை, குத்திக்காட்டவில்லை. மணியம் தொப்பியை மாட்டிக்கொண்டு டிராக்டர் பக்கம் போனான். அன்றைக்கு அவர்கள் என்னை ஒதுக்கியிருந்தால் அதற்கு நியாயம் இருந்தது. ஒதுக்கவில்லை. மறுநாள் காலையும் பேர் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை கடமைப்பட்டவன் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

டவுனுக்குப் போன லோரி

தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் எனக்குப் பழைய சிநேகிதர். மாவட்ட ஆபீஸ்காரர்கள் மதியம் அவர் கடையில்தான் சாப்பிடுவார்கள். எந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பது பாய்க்கு மீன் குழம்பு பரிமாறும்போதே தெரிந்துவிடும்.

"அடுத்த புதன்கிழமை கருத்துக் கேக்குற கூட்டம் இருக்கு கிராணி. மண்டபத்துல. யார் வேணா பேசலாம்னு ஆபீசர் அம்மா சொன்னாங்க" என்றார். "ஒத்த ஆளா போயி நிக்காதீங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. டீ நம்ம கடையிலேருந்து வரும்."

லோரிக்குத் திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் ஒரு சீனத் தவுக்கேயை, அதாவது முதலாளியை, கேட்டேன். முட்டைக்கோஸ் இறக்கிவிட்டுக் காலியாக வருகிற லோரியை அனுப்பினார். துரையிடம் லீவு கேட்கப் போனால், அன்று தனக்குப் பல்வலி, ஈப்போவுக்கு வைத்தியரிடம் போவதாகவும், களத்தில் யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று பார்க்க முடியாது என்றும் சொன்னார். முந்தின நாள் கரும்பு கடித்துக்கொண்டிருந்த மனுஷன். அவருக்கும் என் நன்றி.

புதன்கிழமை எல்லாரும் கோயிலுக்குப் போகிற உடுப்பில் லோரி ஏறினார்கள். இறங்கும்போது மல்லிகைப்பூவையும் மீறி முட்டைக்கோஸ் வாசம் அடித்தது.

மண்டபத்தில் ஒரு பெரட்டு

மேடையில் மாவட்ட ஆபீஸ் அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்தார். மலாய் மரியாதைப்படி புவான் என்று கூப்பிட்டோம். பக்கத்தில் ஹஃபிஸ், இந்தத் தடவை கம்பளிச் சட்டையோடு. படம் போட்டுக் காட்டினார். குடியிருப்பாளர் அனைவரும் சம்மதம் என்று புவான் எங்கள் பட்டியலைத் தூக்கிக் காட்டினார்.

நான் எழுந்தேன்.

"புவான், அந்தப் பட்டியல் என் கையெழுத்து. தலைப்பைப் படிக்காமல் எழுதியது என் தப்பு. அதில் உள்ளவர்கள் எல்லாரும் இங்கே வந்திருக்கிறார்கள். நான் பேர் கூப்பிடுகிறேன். அவரவர் சம்மதத்தை அவரவரே சொல்லட்டும்."

புவான் தாள்களை நீட்டினார்.

கூப்பிட்டேன். பெரட்டில் கூப்பிடுகிற அதே ராகத்தில், கடைசி எழுத்தை இழுத்து. முதல் பேர் மணியம். எழுந்து "தா செத்துஜு" என்றான். சம்மதமில்லை. அடுத்த நாலைந்து பேரும் அதையே சொன்னார்கள். சிலருக்குக் குரல் எழும்பவில்லை. அரசாங்க ஆபீஸில் நின்று வாய் திறப்பது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை.

பிறகு செல்லம்மாவின் பேர் வந்தது. அவள் எழுந்து, சந்தையில் பேசுகிற மலாயில், ஹஃபிஸைப் பார்த்துச் சொன்னாள்.

"கீத்தா மினும் டூலு. லெப்பாஸ் இத்து, அவாக் அம்பில் லா."

முதலில் நாங்கள் குடித்துக்கொள்கிறோம். அப்புறம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கையால் மேலே காட்டினாள், பிறகு கீழே, லயத்துக்கும் கீழே காட்டினாள். அவர் போனில் கேட்ட கேள்விக்கு இத்தனை நாள் யோசித்தும் எனக்கு வராத பதில் அது.

ஹஃபிஸ் பேனாவை எடுத்து வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

அதற்குப் பிறகு எழுந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான். "சாமா, புவான்." அதேதான். "சாமா." "சாமா."

ரஹீமின் பேர் வந்தபோது நான் தாண்டிவிட்டேன். வங்காளதேசத்திலிருந்து வந்து ஆறேழு வருஷமாக எங்கள் லயத்தில் இருக்கிறவன். வேலை பெர்மிட்டில் இருப்பவனுக்கு எதற்கு வம்பு என்று எனக்கு ஒரு பயம். அடுத்த பேரைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் அவனே எழுந்துவிட்டான்.

"என் பேரு இருக்கு கிராணி. ஏன் வுட்டீங்க? நானும் அந்தத் தண்ணிதான் குடிக்கிறேன்." எங்கள் தமிழ், எங்கள் இழுப்பு. பிறகு புவானைப் பார்த்து, "சாமா."

கடைசிப் பேரும் முடிந்தது. "அவ்வளவுதான், புவான்" என்று தாளை மடித்தேன்.

"இன்னும் ஒரு பேரு இருக்கு" என்றாள் செல்லம்மா.

நான் தாளைப் பார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவள் எழுந்து நின்று, என் ராகத்தை அப்படியே எடுத்து, கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டாள்.

"வீராசாமி மவன் குணசேகரன்!"

தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே பெஞ்சு. நான் மேலே படித்து ஆபீஸுக்குப் போனேன், அவள் மூன்றாம் வகுப்போடு மலைக்குப் போனாள். அன்று முதல் அவள் வாயிலும் நான் கிராணியாராகிவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் காலையில் எல்லார் பேரையும் நான் கூப்பிட்டிருக்கிறேன். என்னை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடுகிறவன் பேர் புத்தகத்தில் இருக்காது.

"இருக்கேன்" என்றேன். மலாய் வரவில்லை. தமிழும் சரியாக வரவில்லை.

அந்தப் பெண் என்ன சொன்னாள், இவர் என்ன சொன்னார் என்று புவான் கேட்டார். திருப்பிச் சொல்ல வேண்டிய நான் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். டீத் தட்டோடு பின்னால் நின்றிருந்த காதர் பாய்தான் சத்தமாகச் சொன்னார்.

"கிராணியும் சாமாதான், புவான்!"

மண்டபம் சிரித்தது. ஹஃபிஸுக்கு இந்தத் தடவை சிரிப்பு புரிந்தது.

லயத்துக்குக் கீழே

அதற்குப் பிறகு ஹஃபிஸ் மூன்று முறை மலையேறி வந்தார். செல்லம்மா வீட்டில் மேல்குட்டைத் தண்ணீரில் போட்ட டீ குடித்தார். கீழே வைத்தால் தண்ணீர் விழும் உயரம் குறையும், மின்சாரமும் குறையும் என்று கணக்குக் காட்டிப் புலம்பினார். இருந்தாலும் சிவப்பு வட்டத்தை, லயத்தைத் தாண்டி இருக்கும் பாலத்துக்குக் கீழே இறக்கிவைத்தது அவர்தான். இன்று அங்கே சின்ன மின்நிலையம் ஓடுகிறது. தண்ணீர் முதலில் லயத்துக்குழாயில் வருகிறது, மிச்சம் கீழே போய் மின்சாரமாகிறது. நாட்டின் புகையில் அது எத்தனை குறைத்தது என்று எனக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெற்ற அன்று துரை ஒரு கடிகாரம் கொடுத்தார். நானாகக் கேட்டு வாங்கியது கூட்டத்துக்குப் பிறகு ஆபீஸுக்கு வந்திருந்த அந்தப் பட்டியலின் நகலைத்தான். அன்று கூட்டம் முடிந்ததும் செல்லம்மா புவானிடம் பேனா கேட்டு வாங்கி, கடைசித் தாளின் அடியில் எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று அன்று நான் பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

இப்போது அந்தத் தாள்கள் என் மேசையில் இருக்கின்றன. அறுபதுக்கு மேற்பட்ட பேர்கள், அத்தனையும் என் அழகான கையெழுத்தில். கடைசியில் ஒரு பேர், கோடு தாண்டி, கோணல்மாணலாக, மூன்றாம் வகுப்புத் தமிழில். அதில் நான் எழுதாத பேர் அது ஒன்றுதான்.